இரண்டு பேர் வண்டி

விற்பனைக்கு:
அறுபத்தாறாம் வருஷத்து ஸ்பிட்ஃபயர். கூரை மடங்கும்.
நிறம் சிவப்பு என்று எழுதினேன்.
ஜெமிமா அதை அடித்து 'மாதுளை' என்றாள்.
நஸிமுல்லா அதையும் அடித்தான்:
'வந்து பாக்கட்டும்.'

காட்பாடியில் ஓர் அரிசி மண்டிக்குப் பின்னால்
பானெட்டுக்குள் கோழி அடைகாத்த நிலையில் வாங்கினோம்.
கோழிக்குத் தனியே இருநூறு ரூபாய்.
குஞ்சு பொரிக்கும்வரை
மூன்று பேரும் கைகட்டி நின்றோம்.
அந்தப் பதினெட்டு நாளும் சேர்த்தால்
எட்டு வருஷம்.

முன்கால்கள் ஒரு ஹெரால்டுடையவை,
ஆற்காட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில்
எடைக்கு எடை பேசி எடுத்தது.
சீட்டு, ராணிப்பேட்டை ஆட்டுத்தோல்.
கப்பலேற வேண்டியதுதான்;
உயிரோடிருந்தபோது வேலிமுள் கிழித்த தழும்பினால்
கழிக்கப்பட்டு நஸிமுல்லாவோடு வீட்டுக்கு வந்தது.
தழும்பு வெளியே தெரியும்படி தைக்கச் சொன்னது அவன்தான்.
வயரிங் ஜெமிமா.
ஆஸ்பத்திரியில் நாளெல்லாம்
அடுத்தவர் நெஞ்சு எழுதும் கோடுகளைக் கிழித்துக் கொடுப்பவள்.
ஆனாலும் மூன்று மாதம்
இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது.
நான் சத்துவாச்சாரியில் லாரி உதிரிபாகக் கடை.
மற்றதெல்லாம் என் கடன் நோட்டில் இருக்கிறது.

தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊருக்கு ஒரு கணக்கு உண்டு.
நாங்கள் ஒன்று சேர்த்தோம்:
மூன்றாவது சீட்டு இல்லாத கார்.

ஞாயிறுதோறும் முறை வைத்தோம்.
ஒருவர் ஓட்ட, ஒருவர் பக்கத்தில்,
ஒருவர் பாலாற்றுப் பாலத்து டீக்கடையில்.
நிற்பவர்தான் டீக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது
யார் போட்ட சட்டமோ.
அதிகம் கொடுத்தது நான்.

முதலில் வந்தவர் மைலேஜ் கேட்டார்.
அடுத்தவர் கல்யாண போட்டோவுக்கு
மணிக்கணக்கில் வாடகைக்கு வருமா என்றார்.
ஒருவர், மே மாதம், வேலூரில் நின்றுகொண்டு,
ஏசி இருக்கிறதா என்று கேட்டார்.
அவரைக் குற்றம் சொல்ல முடியாது.
ஓசூர் பல் டாக்டர் மட்டும்
மண்டியிட்டு அடியில் டார்ச் அடித்தார்.
'ஒரிஜினலா?'
'தழும்பு ஒரிஜினல்' என்றான் நஸிமுல்லா.

ஏன் விற்கிறீர்கள் என்றும் கேட்டார்.
ஷெட் வாடகை, என்றேன்.
மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கு, என்றாள் ஜெமிமா.
எனக்கு அது புதுச் செய்தி.
'முடிஞ்சிடுச்சு, அதான்' என்றான் நஸிமுல்லா,
நட்டு துடைத்த துணியை நாலாக மடித்தபடி.

பணம் மூன்றால் வகுபடவில்லை.
மிஞ்சியதற்குப் பிரியாணி என்று முடிவாயிற்று.

டாக்டர் தனியாகத்தான் ஏறினார்.
பக்கத்து சீட்டில் அவருடைய பை.
கிரீன் சர்க்கிள் தாண்டிச் சர்வீஸ் ரோட்டில்
மூன்று பேரும் நின்றோம்.
ஒரே நேரத்தில், வண்டிக்கு வெளியே,
இதுதான் முதல் தடவை.

முதல் கியர்.
இரண்டு.
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில்
ஒரு சின்ன இழுப்பு,
இருட்டில் கடைசிப் படி என்று நினைத்துக் காலை வைத்தால்
இன்னொரு படி இருப்பது போல.

ஓட்டுகிறவருக்குக் கேட்காது அது.
பக்கத்தில் இருப்பவருக்குக் காற்று.
பாலத்தில் நின்று டீ ஆறவிட்டவருக்கு மட்டும்.
எனக்கு மட்டும்தான் தெரியும் என்று
நான்கு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஜெமிமா என்னைப் பார்த்தாள்.
நான் நஸிமுல்லாவைப் பார்த்தேன்.
அவன் சட்டைப் பையைத் தடவினான்,
பத்தாம் நம்பர் ஸ்பேனர் இன்னும் அதில்தான் இருந்தது.

லாரி ஒன்று குறுக்கே வந்து சத்தத்தை மூடியது.
அது போகட்டும் என்று
மூவரும் காத்திருந்தோம்.